கழற்றிப் பார்க்கும் உரிமை: 'அசெம்பிள்டு' கணினியும் விதைநெல்லும்

1998இல் தஞ்சாவூரில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு கணினி வாங்குவதென்று முடிவு செய்தோம். சிறு வெளியீடுகளை நாங்களே தட்டச்சு செய்து பக்கம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஈய எழுத்துக் கோத்த சிற்றச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, டிடிபி மையங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஈயம் கோத்த கைகள் எங்கே போயின என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்களைப் பிரித்த கேள்வி வேறு. கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள்டா? "கம்பெனின்னா ரசீது இருக்கும், வாரண்டி இருக்கும், கேக்குறதுக்கு ஆள் இருக்கும்" என்றார் ஆசிரியரான நண்பர். "ஆள் இருப்பான், ஆனா திருச்சியில இருப்பான்" என்றார் மற்றவர். எங்கள் அறை ஊருக்கு வெளியே இருந்தது. குறுவை நாளில் சுற்றுவட்டார மோட்டாரெல்லாம் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கிவிடும். இந்த மின்சாரத்தில் எந்தப் பெட்டியும் அடிக்கடி திறக்கப்பட வேண்டியதுதான்.

பேச்சு சீக்கிரமே அரசியலுக்குத் தாவியது. அசெம்பிள்டுதான் சுதேசி, பன்னாட்டுக் கம்பெனியின் பெயர்ப்பலகைக்கு எதற்குக் காசு என்றார் ஒருவர். நான்காமவர் சிரித்தார்: "எது சுதேசி? சிப்பு அமெரிக்காக்காரன். போர்டு தைவான்காரன். முடுக்குற திருப்புளி மட்டும் நம்மளது." அந்தச் சிரிப்புக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை தாமதமாக வந்த பதில்.

நாமே கட்டுவதா, வாங்குவதா என்பது எங்களுக்கு முன்னரே நாட்டுக்கு வந்த கேள்வி. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955இல் பிரிட்டனிலிருந்து ஒரு கணினியை வாங்கியது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ தானே கட்டிக்கொள்ள முடிவெடுத்தது. சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மனின் தலைமையில் உருவான 'டிஃப்ராக்' 1960இல் இயங்கத் தொடங்கியது. சாதனைதான். ஆனால் அது ஒற்றை இயந்திரம். அதன் பாகங்கள் வேறெதிலும் பொருந்தா. அதைக் கழற்றிப் பூட்டும் அறிவு அந்த வளாகத்துக்கு வெளியே கசியவும் இல்லை. 1964இல் அதே நிறுவனம் அமெரிக்காவின் சிடிசி 3600 கணினியைத் தருவித்தது.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்து, 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. தேசியச் சொல்லாடல் இதைத் தன் வெற்றியாக எழுதிக்கொண்டது. ஆனால் தெருவோரத்தில் கணினி கட்டும் காலத்தைத் திறந்துவிட்டது அதே ஐபிஎம்தான், அதுவும் விரும்பாமல். 1981இல் அது வெளியிட்ட மேசைக் கணினி அவசரத்தில் பிறந்தது. சிப்பு இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. மின்சுற்று வரைபடங்களைக் கையேடாகவே அச்சிட்டு விற்றார்கள். பூட்டி வைக்க மிஞ்சியது 'பயாஸ்' என்னும் சிறு நிரல் ஒன்றுதான். 1982இல் காம்பாக் நிறுவனம் அந்த நிரலை நகலெடுக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொன்றை எழுதி, கேட்டவர்க்கெல்லாம் விற்றது. 1987இல் ஐபிஎம் புதுவடிவக் கணினியால் கதவை மறுபடி சாத்தப் பார்த்தது. சந்தை அதன் பின்னால் போகவில்லை. 1995இல் வந்த 'ஏடிஎக்ஸ்' வரையறையோடு பெட்டி ஒருவர், போர்டு ஒருவர், பவர் சப்ளை ஒருவர் செய்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும் என்றாயிற்று.

இங்கே 1984இன் கணினிக் கொள்கையும் 1991க்குப் பிந்தைய தாராளமயமும் சேர்ந்து, சென்னை ரிச்சி தெருவைப் பாகங்களின் சந்தையாக்கின.

ஆக, சுதேசி/அந்நியம் என்னும் இருமை இந்த வரலாற்றுக்குள் பிடிபடாமல் நழுவுகிறது. நாமே கட்டியது மூடிக் கிடந்தது. அந்நியன் கட்டியது திறந்துகொண்டது.

டெல்டாக்காரனுக்கு இது புதிய கதையில்லை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் வந்த ஏடிடி 27, ஜப்பானிய நெல் இனத்தை நம் இனத்தோடு கலந்து பிறந்தது. அது உரத்துக்காக விவசாயியைக் கடைக்கு அனுப்பியது உண்மை. ஆனாலும் ஒருமுறை வாங்கிய விதையை அடுத்த போகத்துக்குத் தன் குதிரிலிருந்தே எடுத்து அவன் விதைக்க முடிந்தது. 1990களில் வந்த வீரிய ஒட்டு நெல் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டதுதான். ஆனால் எடுத்து வைத்த விதை மறுவிதைப்பில் குணம் சிதறும், ஆண்டுதோறும் கடைவாசலில் நின்றாக வேண்டும். விதை எங்கே பிறந்தது என்பதைவிட, அடுத்த விதைப்புக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதே அதிகாரம் பற்றிய கேள்வி.

நாங்கள் ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏறினோம். வாங்கி வந்து கட்டிய பெட்டியில் மூன்றாம் மாதமே பவர் சப்ளை புகைந்தது. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒரு மணி நேரத்தில் வேறொன்றை மாட்டிக் கொடுத்தான். அவனும் எங்களோடுதான் கணினியைக் கற்றான்.

ஆனால் வெற்றிக் கதையாக இதை முடிக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்த நாங்கள் எழுத்தில் மாட்டிக்கொண்டோம். அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். அதற்குள் நாங்கள் தட்டிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் வெறும் கிறுக்கலாகத் திரையில் நின்றன. ஈய எழுத்தையாவது பிரித்துப் பெட்டியில் போட்டு அடுத்த பக்கத்துக்குக் கோத்தார்கள். எங்கள் எழுத்து அதற்கும் உதவவில்லை. இரும்பைத் திறந்தவர்கள் மொழியைப் பூட்டிக் கொடுத்திருந்தோம்.

சென்ற மாதம் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அசெம்பிள் பண்ணலாமா, ரெடிமேடா வாங்கலாமா?" விலையில் பெரிய மிச்சம் இருக்காது என்றேன். இன்று பல மடிக்கணினிகளில் நினைவகமே போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அரசோ 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்துப் பிறகு தளர்த்தியது. பேச்சு மறுபடி எங்கே செய்தது என்பதிலேயே நிற்கிறது.

அவளிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். இதை நான் திறந்தால் வாரண்டி போய்விடுமா? ஒரு பாகம் போனால் அதை மட்டும், வேறு கம்பெனியிடமும், வாங்க முடியுமா? இதில் எழுதியதை வேறொரு கணினியில் படிக்க முடியுமா? பதில் சரியாக வந்தால் கம்பெனிப் பெட்டியே வாங்கிக்கொள். வராவிட்டால் நீயே கட்டு. திருப்புளி என்னிடம் இருக்கிறது.