இணைப்பும் பிரமாணமும்: ஓர் அளவுகோலின் வரலாறு

இணையத்தளமொன்றின் மதிப்பை, அதனை நோக்கிப் பிற தளங்கள் இடும் இணைப்புகளைக் கொண்டு அளவிடும் முறை, கணினி யுகத்தின் கண்டுபிடிப்பெனவே பலராலும் கருதப்படுகின்றது. ஆயின், அதன் வேர்கள் நீதிமன்றத்திலும் நூலகத்திலும் உள்ளன. அவ்வரலாற்றை நோக்கி, அவ்வளவுகோலின் எல்லையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், 1873 இல் பிராங் ஷெப்பர்ட் என்பார், ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எங்கெங்கு எடுத்தாண்டன என்பதைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். முன்னைய தீர்ப்பு ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதைக் காட்டும் குறியீடுகளும் இத்தொகுப்பு வரிசையில் இடம்பெற்றன. 1927 இல் பி. எல். கே. குறொஸ், ஈ. எம். குறொஸ் ஆகியோர், கல்லூரி நூலகங்கள் வாங்கத்தக்க இரசாயனவியற் சஞ்சிகைகள் யாவை என்பதை மேற்கோள்களை எண்ணித் தீர்மானிக்க முயன்றனர். ஷெப்பர்டின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, விஞ்ஞானத்துக்கு மேற்கோள் அட்டவணையொன்று வேண்டுமென யூஜின் கார்பீல்ட் 1955 இல் முன்மொழிந்தார். 1960களில் அது நடைமுறைக்கு வந்தது.

எல்லா மேற்கோள்களும் சமமானவையா? மதிப்புள்ள சஞ்சிகையின் மேற்கோளுக்குக் கூடிய நிறை தரப்படவேண்டும் என்பதைப் பின்ஸ்கி, நாரின் ஆகியோர் 1976 இல் கணித வடிவிற் காட்டினர். 1998 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லரி பேஜ், சேர்ஜி பிறின் ஆகியோர் வெளியிட்ட 'பேஜ்ராங்க்' முறையும் இத்தகையதே. ஒரு பக்கத்தின் மதிப்பு, அது இணைப்புத் தரும் பக்கங்களுக்குப் பகிரப்படும். மீண்டும் மீண்டும் கணிக்குமிடத்து, அப்பெறுமானங்கள் நிலைபெறும். கூகுள் தேடுபொறி இவ்வடித்தளத்திலேயே எழுந்தது.

எனினும், எண்ணப்படுவது தெரிந்ததும் இணைப்பு விற்பனைப் பண்டமாயிற்று. 2005 இல், மதிப்பில் சேராத இணைப்புகளுக்கெனத் தனிக்குறியீடு அறிமுகமாயிற்று. செயற்கை இணைப்புகளை ஒடுக்கும் 'பென்குவின்' திருத்தத்தை 2012 இல் கூகுள் புகுத்தியது. 2016 இல் பேஜ்ராங்க் புள்ளியைப் பொதுமக்களுக்குக் காட்டுவதையும் அது நிறுத்தியது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஷெப்பர்டின் வரிசை ஏற்பையும் மறுப்பையும் வேறுபடுத்தியது. பேஜ்ராங்க் சூத்திரமோ கண்டனத்தையும் ஆதரவாகவே எண்ணியது. எண்ணிக்கை பெருகியபோது தீர்ப்பு மறைந்தது. ஆய்வாளரின் தகைமையையும் மேற்கோள் எண்ணிக்கையால் அளக்க முற்படும் பல்கலைக்கழக உலகுக்கு, இவ்வரலாறு அயலார் கதையன்று. எத்தனை பேர் சுட்டினர் என்பதோடு, எதன்பொருட்டுச் சுட்டினர் என்றும் வினவுவதே புலமையின் கடனாகும்.