நெருப்புப் பறவை: பாலே அரங்கிலிருந்து பள்ளி பேண்டு வரை

நெருப்புப் பறவை என்பது ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி 1910இல் பாலே நடனத்துக்காக இயற்றிய இசைப் படைப்பு ஆகும். இதன் இறுதிப் பகுதி இன்று காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் கொண்ட பள்ளி பேண்டு குழுக்களுக்கும் மாற்றி எழுதப்பட்டு வாசிக்கப்படுகிறது. பெரும் இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட இப்படைப்பு மாணவர் கைக்கு எட்டியதற்கு அதனுள் இருக்கும் எளிய நாட்டுப்பாடல் மெட்டே முதன்மைக் காரணம்.

கதை

ரஷ்ய நாட்டார் கதைகளில் நெருப்புப் பறவை ஒளிவீசும் இறகுகளுடன் இரவில் வந்து அரசனின் தோட்டத்துப் பொன் ஆப்பிள்களைத் திருடும். இது எரிந்து சாம்பலிலிருந்து மீண்டெழும் பீனிக்ஸ் அன்று. பாலேயின் கதையில் இளவரசன் இவான் பறவையைப் பிடித்து, அது கெஞ்சியதால் விட்டுவிடுகிறான். நன்றியாக அது தன் இறகு ஒன்றைத் தருகிறது. பின்னர் கஷ்சேய் என்னும் மந்திரவாதியிடம் அவன் சிக்கியபோது அந்த இறகே பறவையை உதவிக்கு அழைக்கிறது. கஷ்சேயின் உயிர் ஒரு முட்டைக்குள் இருக்கிறது. முட்டை உடைந்ததும் அவன் மடிகிறான். கல்லாகிக் கிடந்த வீரர்கள் உயிர் பெறுகிறார்கள்.

தோற்றம்

பாரிசில் ரஷ்ய பாலே நிகழ்ச்சிகளை நடத்திய செர்கே தியாகிலெவ் முன்னதாக அனத்தோலி லியாதோவ் என்பவரை நாடினார். அது கைகூடவில்லை. பின்னர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் மாணவரும் அதிகம் அறியப்படாதவருமான ஸ்ட்ராவின்ஸ்கியிடம் பணி வந்தது. 1910 ஜூன் 25 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேற்றம் நடந்தது. நடனத்தை மிகைல் ஃபோக்கின் அமைத்தார். பறவையாகத் தமாரா கர்சவினா ஆடினார். 28 வயது இசையமைப்பாளர் ஒரே இரவில் புகழ்பெற்றார்.

இசை அமைப்பு

பறவைக்கும் மந்திரவாதிக்கும் நெளிந்தோடும், விந்தையான சுரக்கோவைகள் வருகின்றன. மனிதர்களுக்கோ நாட்டுப்பாடல் சாயலுள்ள நேரிய மெட்டுகள். இறுதிப் பகுதியின் மெட்டு ரிம்ஸ்கி-கோர்சகோவ் தொகுத்த ரஷ்ய நாட்டுப்பாடல்களில் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதை முதலில் ஒரே ஒரு ஹார்ன் மிக மெல்ல வாசிக்கிறது. பின்பு கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர, அதே மெட்டு பெருகிப் பெருகி முழுக் குழுவின் முழக்கமாகிறது. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று நீண்ட எண்ணிக்கை. பின்னர் அது ஏழு எண்ணிக்கையாக மாறுகிறது.

பள்ளிக்கு வந்த வழி

மூல வடிவம் மூன்று ஹார்ப் உள்ளிட்ட மிகப் பெரிய குழுவுக்கானது. ஸ்ட்ராவின்ஸ்கி இதிலிருந்து 1911, 1919, 1945 ஆண்டுகளில் கச்சேரித் தொகுப்புகள் செய்தார். சிறிய குழுவுக்கான 1919 தொகுப்பே மிகுதியாக வாசிக்கப்படுகிறது. அக்காலத்தில் ரஷ்யா பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராததால், அமெரிக்காவில் மூல வடிவத்துக்குப் பாதுகாப்பு இல்லை. இசையமைப்பாளருக்கு இது வருமான இழப்பு; 1945 தொகுப்பை அவர் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றி எழுதுவோருக்கோ இதே நிலை வழியைத் திறந்துவிட்டது.

பேண்டு வடிவத்தில் வயலின் குடும்பம் இல்லை. அந்த இடத்தைப் பெரும்பாலும் கிளாரினெட்டுகள் நிரப்புகின்றன. தாலாட்டுப் பகுதியின் பாசூன் தனிவாசிப்புக்குப் பாசூன் இல்லாத பள்ளிகளில் வேறு கருவி அமர்த்தப்படும்.

மாணவர்க்குப் பயன்

மெட்டு எளிது, வாசிப்பு எளிதன்று. ஹார்ன் வாசிக்கும் மாணவர் துணைக்கு ஆளின்றி, மெல்லிய ஒலியில், தடுமாறாமல் தொடங்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை எண்ணிக்கை தவறாமல் காத்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒலியைக் கூட்டிவிட்டால் முடிவுக்கு எதுவும் மிஞ்சாது. ஏழு எண்ணிக்கையில் ஒருவர் பிசகினாலும் முழக்கம் கலைந்துவிடும். தனியொருவரின் துணிவும் குழுவின் பொறுமையும் ஒருங்கே தேவைப்படுவதால், இப்பகுதி மாணவர் பேண்டு குழுக்களுக்குச் சிறந்த பயிற்சியாக அமைகிறது.