கோர்ட்டுக்கு போக முடியாதவர்களுக்கு ஒரு சாமி: மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்

பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர் போன ஊரு விருத்தாசலம். அதை ஒட்டி இருக்கும் மணவாளநல்லூரில் எழுந்தருளி இருப்பவர் கொளஞ்சியப்பர். நகை திருட்டு, கொடுத்த கடன் வரவில்லை, வீட்டை விட்டு போன பிள்ளை, அண்ணன்-தம்பி சண்டை... எதுவா இருந்தாலும் "சாமிகிட்ட பிராது கட்டிட்டு வா" என்பதுதான் இந்த பக்கத்து ஜனங்களின் பேச்சு.

உருவம் இல்லாத முருகன்

இங்கே முருகனுக்கு மயிலும் கிடையாது, ஆறு முகமும் கிடையாது. பலிபீடம் போன்ற ஒரு கல்தான் மூலவர். கொளஞ்சி செடிகள் அடர்ந்த காட்டில் ஒரு பசு தினமும் பால் சொரிந்ததாம். அந்த இடத்தில் போய் பார்த்தபோது இந்த கல் இருந்தது என்கிறது தல வரலாறு. கொளஞ்சி காட்டில் கிடைத்ததால் கொளஞ்சியப்பர் ஆனார்.

இது தமிழர்களுக்கு புதுசு இல்லை. குறிஞ்சி நிலத்து தெய்வம் சேயோன் என்கிறது தொல்காப்பியம். நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையில் படைவீடுகள் மட்டும் வரவில்லை. காடு, சோலை, ஊர் மன்றம், மரத்தூண் நட்ட இடம் என்று முருகன் இருக்கும் இடங்களின் பட்டியலே வருகிறது. சிலை இல்லாமலும் சாமி கும்பிட்ட பழைய வழக்கம் அது.

சுந்தரரை மடக்கிய வேடன்

"ஊரும் கிழம், சாமியும் கிழம்" என்று விருத்தாசலத்தை பாடாமல் போனாராம் சுந்தரர். அவரை வேடன் வேஷத்தில் மடக்கி, பொருளை பிடுங்கி, "முதுகுன்றத்தில் வந்து வாங்கிக்கோ" என்று அனுப்பியவர் இந்த முருகன்தான் என்பது ஐதீகம்.

பிறகு விருத்தகிரீஸ்வரரை பாடி 12 ஆயிரம் பொன் பெற்றார் சுந்தரர். அதை மணிமுத்தாற்றில் போட்டு திருவாரூர் கமலாலய குளத்தில் எடுத்தார். இந்த பொன் கதையை 12-ம் நூற்றாண்டிலேயே பெரியபுராணத்தில் பாடி இருக்கிறார் சேக்கிழார்.

பிராது கட்டுவது எப்படி?

வெள்ளை தாளில் சாமிக்கு மனு எழுத வேண்டும். பெயர், ஊர், குறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூலவர் முன் வைத்து பூஜை செய்து, விபூதியோடு பொட்டலமாக மடித்து, முனியப்பர் சன்னதி முன் உள்ள வேலில் கட்டுவார்கள். அந்த ஊர் எத்தனை கிலோ மீட்டர் தூரம் என்று கணக்கு பார்த்து கட்டணம் வாங்கும் வழக்கமும் உண்டு. சாமி அங்கே போய் வழக்கை விசாரிக்கணும் இல்லையா, அதற்கான படி அது!

90 நாளில் தீர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து 'ராஜினாமா' செய்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

பிராது, ராஜினாமா இரண்டுமே பாரசீகத்தில் இருந்து வந்த பழைய கச்சேரி வார்த்தைகள். அந்த காலத்து கோர்ட்டில் ராஜினாமா என்றால் வேலையை விடுவது இல்லை. இரு தரப்பும் சமாதானம் ஆனதற்கு எழுதும் பத்திரம். கோர்ட்டில் மறைந்துபோன அந்த அர்த்தம் இந்த கோவிலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வக்கீல் பீஸ், வாய்தா என்று அலைய முடியாத கூலிக்காரரும் தன் குறையை தானே எழுதி கொடுக்க இடம் கிடைத்தது. பொய் பிராது கொடுத்தால் கொடுத்தவரையே திருப்பி அடிக்கும் என்ற பயமும் உண்டு.

ஆனா ஒன்று. திருட்டு, ஆள் மாயம் என்றால் போலீசிலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது. சாமிக்கு 90 நாள் பொறுக்கலாம். ஆளை தேடும் வேலை அதுவரை பொறுக்காது.

திருவிழா

பங்குனி உத்திரம்தான் இங்கே பெரிய விழா. காவடி, பால்குடம் என்று கூட்டம் அலைமோதும். விருத்தகிரீஸ்வரர் கோவிலில் மாசி மகம் விசேஷம். விருத்தாசலம் அரசு கலை கல்லூரிக்கும் கொளஞ்சியப்பர் பெயர்தான். இந்த பக்கத்தில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன் என்று கூப்பிட்டால் கூட்டத்தில் நாலு பேராவது திரும்பி பார்ப்பார்கள்.