மாநிலத்துக்கு 75,000 டாலர்

1963 மார்ச்சில் அமெரிக்காவின் கொலராடோ நதியில் க்ளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. பள்ளத்தாக்கில் நீர் ஏறத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், அதே நதியின் தண்ணீருக்காக அரிசோனாவும் கலிபோர்னியாவும் 1952 முதல் நடத்திவந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டு ஆறுகளின் வரலாற்றில் 1963 என்றாலே இந்த அணையும் இந்த வழக்கும்தான் பேசப்படும். அந்த ஆண்டு செனட்டின் முன் இன்னொன்றும் இருந்தது: எஸ்.2 என்று எண் போட்ட ஒரு மசோதா. அதில் அணையும் இல்லை, தண்ணீர்ப் பங்கீடும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் கொடுத்து, உங்கள் ஊர்த் தண்ணீரை நீங்களே ஆராயுங்கள் என்று அது சொன்னது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அணையைவிட இந்த மசோதாவின் கதை பெரிதாகத் தெரிகிறது.

கதை வறட்சியில் தொடங்குகிறது. 1950-களில் டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தது. மறுபக்கம், கிழக்கில் தண்ணீர் ஓடிய ஆறுகளில் நகரச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து ஓடின. 1959-இல் செனட் ஒரு தனிக் குழுவை அமைத்தது. ஓக்லஹோமா செனட்டர் ராபர்ட் கெர் தலைவர். நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இனி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது வேலை.

கேட்க எளிதாக இருந்த இந்தக் கேள்விக்கு அதுவரை யாரும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கவில்லை. அணை கட்டும் துறை தன் கணக்கை வைத்திருந்தது, வெள்ளம் தடுக்கும் துறை தன் கணக்கை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் நத்தானியேல் வோல்மன் தேவையையும் இருப்பையும் எதிரெதிரே வைத்து அந்தக் கணக்கைப் போட்டார். நாடு 22 நீர் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஐந்து வட்டாரங்களில், தேவை வளர்கிற வேகத்தைப் பார்த்தால், 1980-க்குள் கிடைக்கிற நீர் முழுவதையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று தெரிந்தது. கொலராடோ ஆற்றுப்படுகையும் ரியோ கிராண்டே ஆற்றின் மேல் பகுதியும் அந்த ஐந்தில் அடக்கம்.

அந்தக் கணக்கில் இன்னொரு செய்தி இருந்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் ஆலைக்கும் எடுக்கும் நீரோடு கணக்கு முடியவில்லை. ஆற்றில் விடும் கழிவை நீர்க்கச் செய்யவே பெரும் அளவு நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கழிவைச் சுத்திகரிக்கும் வழி மேம்பட்டால் அந்தத் தேவை குறையும். அதாவது தண்ணீர்ப் பஞ்சத்தின் ஒரு பகுதி வானத்தால் வந்ததல்ல, அறியாமையால் வந்தது. 1961 ஜனவரியில் வந்த குழுவின் அறிக்கை, ஆற்றுப்படுகைத் திட்டங்களோடு சேர்த்து, ஒருங்கிணைந்த நீர் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றும் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இப்படிப் பரிந்துரைத்த அறிக்கைகள் எந்த நாட்டிலும் அலமாரிகளில் நிறையக் கிடக்கும். இது தப்பியதற்குக் காரணம் நியூ மெக்சிகோவின் செனட்டர் கிளின்டன் ஆண்டர்சன். தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். காசநோயோடு 1917-இல் வறண்ட காற்றைத் தேடி ஆல்புகர்கிக்கு வந்து, பிழைத்து, அங்கேயே தங்கிவிட்டவர். பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தார். ஜனாதிபதி ட்ரூமன் ஆட்சியில் 1945 முதல் 1948 வரை வேளாண் அமைச்சர். அந்த மூன்று ஆண்டு அனுபவத்துக்கும் அவர் கொண்டுவந்த எஸ்.2 மசோதாவின் வடிவத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் வேளாண் துறைக்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. 1862-இல் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து வேளாண் கல்லூரிகளைத் தொடங்க வைத்தார்கள். 1887-இல் ஹாட்ச் சட்டம் என்ற ஒன்றைப் போட்டு, அந்தக் கல்லூரிகளோடு சேர்ந்த ஆய்வு நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்தார்கள். ஊர் மண்ணில் எது விளையும், எந்தப் பூச்சி எப்போது வரும் என்பதை ஊருக்குப் பக்கத்திலேயே இருந்து ஆராய்ந்த அந்த நிலையங்கள்தான் அமெரிக்க விவசாயத்தை வளர்த்தன. மண்ணுக்குச் செய்ததை ஆற்றுக்கும் செய்தால் என்ன?

இதைக் கையால் செய்து பார்த்த ஒருவரும் இருந்தார். ரியோ கிராண்டே கரையோர ஊரான லாஸ் குரூசஸில், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் ஸ்டக்கி. விவசாயி, பொறியாளர், வழக்கறிஞர், அதிகாரி என்று தண்ணீரோடு தொடர்புள்ள எல்லாரையும் கூட்டி 1956 முதல் ஆண்டுதோறும் மாநாடு நடத்திவந்தார். 1963-இல், ஒன்றிய அரசின் பணம் வருவதற்கு முன்பே, அந்தப் பல்கலைக்கழகம் ஒரு நீர்வள ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிவிட்டது. ஸ்டக்கியே அதன் முதல் இயக்குநர். ஆண்டர்சன் வாஷிங்டனில் வாதாடியபோது அவருடைய சொந்த மாநிலத்தில் நிலையம் ஒன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

1964 ஜூலை 17 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மசோதாவில் கையெழுத்திட்டார். முதல் ஆண்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் 75,000 டாலர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 87,500, பிறகு ஆண்டுக்கு ஒரு லட்சம். மாநிலம் தன் பங்கைப் போட்டால் மேற்கொண்டு பெறவும் வழி வைத்தார்கள். சட்டத்தின் நிபந்தனைகளைப் படிக்கும்போது அதை எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது. இந்தப் பணத்தில் நிலம் வாங்கக் கூடாது. கட்டடம் கட்டவோ வாடகைக்கு எடுக்கவோ பழுது பார்க்கவோ கூடாது. நிதியைக் கண்டதும் கட்டடம் எழுப்பி, திறப்பு விழா நடத்தி, உள்ளே வேலை செய்ய ஆளில்லாமல் கிடக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிற எவருக்கும் இந்த ஒரு வரியின் மதிப்புப் புரியும். பணம் ஆளுக்கும் வேலைக்கும் மட்டும்தான்.

ஒரு மாநிலத்தில் ஒரு கல்லூரிதான் பணத்தைப் பெறும். ஆனால் மற்ற கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வழி வைத்தது. இரண்டு மூன்று மாநிலங்கள் விரும்பினால் தங்கள் பங்கைச் சேர்த்து ஒரே நிலையமாக நடத்தலாம். ஆராய வேண்டியவை என்ற பட்டியலில் நீர்ச்சுழற்சியும் பொறியியலும் மட்டும் இல்லை. பொருளாதாரம், சட்டம், சமூகம், உயிரியல், சூழலியல் எல்லாம் இருந்தன. ஆராய்ச்சியின் வழியே புதிய ஆய்வாளர்களை உருவாக்குவதும் நோக்கமாக எழுதப்பட்டது. 1964-இல் சூழலியல் என்ற சொல்லை ஒரு தண்ணீர்ச் சட்டத்தில் போட்டது முன்யோசனையான செயல்.

இந்தப் பணம் வேலை செய்யும் விதம் நாற்றங்காலைப் போன்றது. நிலையம் ஆண்டுதோறும் மாநிலத்துப் பேராசிரியர்களிடம் ஆய்வு முன்மொழிவுகளைக் கேட்கும். தேர்வானவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கான சிறு தொகை கிடைக்கும். அதில் ஒரு மாணவருக்கு உதவித்தொகை, நீர் மாதிரி எடுக்கக் கருவி, ஆற்றுக்குப் போய்வரச் செலவு. இன்னும் பெயர் எடுக்காத இளம் ஆசிரியருக்குப் பெரிய நிதி நிறுவனம் கதவு திறப்பது கடினம். முதல் தரவு எங்கே என்று கேட்கும். அந்த முதல் தரவை எடுக்கத்தான் இந்தச் சிறு தொகை. அது கையில் வந்தபின் பெரிய இடத்தில் கேட்கலாம். மாணவர் பட்டம் வாங்கி, மாநில நீர்த்துறையிலோ நகராட்சியிலோ வேலைக்குப் போவார். பத்து ஆண்டு கழித்து அந்தத் துறையில் முடிவெடுக்கும் மேசையில் அவர் இருப்பார். எந்த அறிக்கையிலும் முழுதாகக் கணக்கில் வராத பலன் இது.

சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஒரே அளவா, திறமை இருக்கும் சில பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக நோய்ப்படுகிறது. ஓரிடத்தில் பாசனக் கழிவின் உப்பு, இன்னோரிடத்தில் சுரங்க அமிலம், வேறிடத்தில் உர நைட்ரேட். அந்த ஊரிலேயே இருந்து, ஆற்றைப் பல பருவங்களில் பார்த்த ஆள்தான் சரியான கேள்வியைக் கேட்பார். சமமாகப் பிரித்ததே இந்தத் திட்டத்தின் அறிவு என்று நினைக்கிறேன்.

அதுவே திட்டத்தின் உயிரையும் காத்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜனாதிபதி ரீகனின் அரசு, இது மாநிலங்களின் வேலை, ஒன்றிய அரசு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டது. திட்டத்தை நடத்திய அலுவலகம் 1982-இல் மூடப்பட்டது. நிலையங்களைத் தொடரச் செய்யும் புதிய மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, 1984 பிப்ரவரியில் ரீகன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். மார்ச் 22-க்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அந்த மறுப்பை முறியடித்தன. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிலையம் இருந்ததால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அது தன் ஊர் விஷயம்.

பிழைத்ததற்கு ஒரு விலையும் இருந்தது. ஒன்றிய அரசின் ஒரு டாலருக்கு உள்ளூரிலிருந்து இரண்டு டாலர் காட்ட வேண்டும் என்று பின்னர் விதி இறுகியது. பேராசிரியர் ஆய்வுக்குச் செலவிடும் நேரத்தின் சம்பளத்தையும் அதில் காட்டலாம் என்பதால் சமாளித்தார்கள். அடிப்படைத் தொகையோ பெரிதாக ஏறவில்லை. 2010-களில் பல ஆண்டுகள் ஒரு நிலையத்துக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. 1960-களின் ஒரு லட்சத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. 2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் இரண்டுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு ஒன்று என்று தளர்த்தியது.

இப்போது மொத்தம் 54 நிலையங்கள். மாநிலங்களாக இல்லாத அமெரிக்கப் பகுதிகளான புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அதில் சேரும். மாநில எல்லை தாண்டிய ஆற்றுப் பிரச்சினைகளுக்கென்று போட்டி முறையில் தனி நல்கையும் உண்டு. 2006 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தபின் நியூ மெக்சிகோ, டெக்சாஸ், அரிசோனா நிலையங்கள் ஒன்றிய அரசின் நிலவியல் ஆய்வுத் துறையோடு சேர்ந்து, மெக்சிகோ எல்லைக்கு அடியில் இரு நாட்டுக்கும் பொதுவாகக் கிடக்கும் நிலத்தடி நீரை ஆராயத் தொடங்கின. மெக்சிகோவில் பிறந்து வடக்கே அரிசோனாவுக்குள் ஓடும் சான் பெட்ரோ ஆற்றின் நிலத்தடி நீரைப் பற்றி இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய அறிக்கை 2016-இல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளிவந்தது.