லைலா: ஆங்கில இலக்கியத்தில் ஓர் அரபுப் பெயர்

‘லைல்’ என்றால் அரபு மொழியில் இரவு. ரமலானில் நாம் தேடும் கண்ணியமிக்க இரவுக்கு ‘லைலத்துல் கத்ர்’ என்று பெயர். லைலா என்னும் பெண் பெயரும் அந்தச் சொல்லின் கிளையே. நஜ்துப் பாலையில், பனூ ஆமிர் குலத்தில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கைஸ் என்னும் இளைஞனைப் பித்தனாக்கியவள் என்ற புகழ் அப்பெயருக்கு உண்டு. ‘மஜ்னூன்’ என்றால் பித்தன் என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1188-ல் கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஜாமி இக்கதையைப் பார்சியில் காவியமாக்கினார். தில்லியில் அமீர் குஸ்ரூவும், பின்னர் ஹிராத்தில் ஜாமியும் ஹாதிஃபியும் அவர் வழியில் பாடினர்.

இப்பெயர் ஆங்கிலேயர் செவிக்கு எட்டிய வழிகளுள் ஒன்று நம் நாட்டினூடே சென்றது. கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், ஹாதிஃபியின் லைலா மஜ்னூன் காவியத்தின் பார்சி மூலத்தை 1788-ல் அங்கேயே அச்சிட்டார். விற்றுவரும் பணம் கடனுக்காகச் சிறையில் வாடியவர்களுக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. காதல் காவியம் ஒன்று கடனாளிகளின் துயர் தீர்க்கப் புறப்பட்டது நமக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஐசக் டிஸ்ரேலி லண்டனில் அக்கதையை ஆங்கில உரைநடையில் எழுதி வெளியிட்டார்.

ஆயினும் அப்பெயரை ஆங்கிலக் குடும்பங்களின் நாவில் ஏற்றிய பெருமை பைரன் பிரபுவையே சாரும். 1809 முதல் 1811 வரை உதுமானியப் பேரரசின் நிலங்களில் பயணம் செய்து திரும்பிய அவர், 1813-ல் ‘தி ஜியாவுர்’ என்னும் கவிதையை வெளியிட்டார். ஹசன் என்னும் துருக்கியத் தலைவனின் அந்தப்புரத்து அடிமைப் பெண் லைலா. அவள் ஓர் அந்நியனை விரும்புகிறாள். அதற்குத் தண்டனையாகச் சாக்கில் வைத்துத் தைக்கப்பட்டுக் கடலில் எறியப்படுகிறாள். அந்நியன் ஹசனைக் கொன்று பழி தீர்த்து, இறுதியில் ஒரு மடாலயத்தில் மனம் நொந்து மடிகிறான்.

ஷரீஅத்தில் எவ்வித இடமுமில்லாத இந்தத் தண்டனை வெறும் கற்பனையன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தில் இவ்வாறு கடலில் எறியப்படவிருந்த ஒரு பெண் பைரனின் தலையீட்டால் உயிர் தப்பியதை, அவருடைய நண்பர் ஸ்லைகோ பிரபு கடிதமாகவே எழுதி வைத்திருக்கிறார். சில ஆட்சியாளர்களின் கொடுமை அது. படித்தவர்களோ அதை நம் மார்க்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டனர்.

அந்தக் கவிதை முதலில் ஏறக்குறைய 700 அடிகளாகத்தான் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து 1,334 அடிகளாயிற்று. மீனவன் பேசுகிறான், துறவி பேசுகிறார், அந்நியன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். இத்தனை வளர்ந்தும் லைலாவுக்குப் பேச ஓர் அடி கிடைக்கவில்லை. அவளுடைய கண்ணழகு விரிவாகப் பாடப்படுகிறது. அவள் குரல் மட்டும் நம் காதில் விழுவதேயில்லை.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது அக்கவிதையின் ஓர் அடிக்குறிப்பு. பெண்ணுக்கு ஆன்மா இல்லை என்பது முஸ்லிம்களின் கொள்கை என அக்காலத்து ஐரோப்பாவில் பலர் நம்பினர். பைரனின் கவிதையும் அவ்வாறே ஒரு கருத்தைச் சொல்லிச் செல்கிறது. ஆனால் அதே பக்கத்தின் குறிப்பில், இது பாமரர் பிழை என்றும், சுவனத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் நல்ல பெண்களுக்கு உண்டென்று குர்ஆன் சொல்வதாகவும் அவரே எழுதினார். பெரும்பாலான முஸ்லிம்கள் அதை வேறுவிதமாகக் கொள்கிறார்கள் என்று ஒரு குத்தலும் சேர்த்தார். மூன்றில் ஒரு பங்கு என்னும் கணக்கு எங்கிருந்து வந்ததோ, திருமறையில் அப்படியொரு கணக்கு இல்லை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் ஆண்களையும் பெண்களையும் இணை இணையாகவே அழைத்து மன்னிப்பையும் மகத்தான கூலியையும் வாக்களிக்கிறது. துருக்கியில் வாழ்ந்து பார்த்த மேரி வோர்ட்லி மாண்டகு சீமாட்டி, பைரனுக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் முன்னரே தம் கடிதங்களில் இந்தப் பிழையை மறுத்திருந்தார். பொய் கவிதையில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது. உண்மையோ அடிக்குறிப்பில் ஒடுங்கிக் கிடந்தது.

பின்னர் அப்பெயர் எங்கெங்கோ அலைந்தது. புல்வர் லிட்டன் 1838-ல் எழுதிய கிரனடா முற்றுகை பற்றிய நாவலில் லைலா ஒரு யூதப் பெண். முஸ்லிம் வீரன் ஒருவனால் காதலிக்கப்பட்டு, கிறித்தவ மதம் தழுவி, துறவு பூணும் தறுவாயில் தந்தையின் கையாலேயே மடிகிறாள். ஆங்கிலத்தை விட்டு ஒரு கணம் விலகினால், 1863-ல் பாரிஸில் அரங்கேறிய பிசேயின் முத்துக்குளிப்போர் பற்றிய இசை நாடகம் இலங்கையில் நடக்கிறது. அதில் பிரம்மனைத் துதிக்கும் பூசாரிணிக்கும் லைலா என்றே பெயர்! நாடகம் எழுதியவர்களுக்குக் கீழ்த்திசை முழுவதும் ஒரே தெரு போலும். 1921-ல் கேதரின் மான்ஸ்ஃபீல்டு எழுதிய சிறுகதையிலோ லைலா என்பவள் முதல் நடன விருந்துக்குச் செல்லும் நாட்டுப்புறத்து வெள்ளைக்காரச் சிறுபெண். பாலைவனத்தின் நினைவே அப்பெயரில் எஞ்சவில்லை.

இவர்களுள் நம் மனத்தைவிட்டு அகலாதவள் பைரனே படைத்த மற்றொரு லைலா. 1790-ல் தன்யூப் நதிக்கரையில் உதுமானியரின் இஸ்மாயில் கோட்டையை ரஷ்யப் படை தகர்த்து, நகரத்தாரைக் கொன்று குவித்தது. அந்தப் படுகொலையை ‘டான் ஜுவான்’ காவியத்தில் பைரன் சினத்தோடு பாடுகிறார். கொல்லப்பட்ட பெண்களின் உடல்களுக்கிடையே ஒளிந்திருக்கும் பத்து வயதுத் துருக்கியச் சிறுமியை இரண்டு கசாக்குகளிடமிருந்து டான் ஜுவான் மீட்கிறான். உற்றார் அனைவரையும் இழந்த அவளைத் தன்னோடு ரஷ்யாவுக்கும், பின் இங்கிலாந்துக்கும் அழைத்துச் செல்கிறான்.

அவளை மதம் மாற்ற முயல்கிறார்கள். மூன்று ஆயர்கள் எடுத்துச் சொல்லியும் புனித நீரை அவள் விரும்பவில்லை; பாவமன்னிப்புக் கேட்கும் சடங்கிலும் அவளுக்கு நாட்டமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் இறைத்தூதரே என்பதில் அவள் உறுதியாக நின்றாள் என்று பைரன் எழுதுகிறார். அவர் எள்ளலாகத்தான் எழுதினார். அந்த எள்ளல் சிறுமியின் மீதா, ஆயர்கள் மீதா என்று படித்துப் பார்ப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். பேசத் தெரியாதவளாக 1813-ல் கடலில் மூழ்கிய அடிமைப் பெண்ணின் பெயரையே, மறுக்கத் தெரிந்த இந்தச் சிறுமிக்கும் பத்தாண்டுகள் கழித்து அவர் இட்டிருக்கிறார்.

லண்டனில் அவளை வளர்க்கும் பொறுப்புக்குப் பதினாறு கைம்பெண் சீமாட்டிகளும் மணமாகாத பத்து மூதறிவு மாதரும் போட்டியிடுகிறார்கள். இறுதியில் பின்ச்பெக் சீமாட்டி என்னும் வயது முதிர்ந்த பெண்மணியிடம் டான் ஜுவான் அவளை ஒப்படைக்கிறான். 1824 ஏப்ரல் 19-ல் மிசோலோங்கி நகரில் பைரன் காய்ச்சலால் இறந்தபோது, காவியம் பதினேழாம் காண்டத்தின் தொடக்கத்தில் நின்றிருந்தது. அந்தச் சீமாட்டியின் வீட்டில் லைலா எவ்வாறு வளர்ந்தாள் என்பதை அவர் எழுதவில்லை.