காகித இயந்திரத்தின் மூன்று துணிகள்

ஐரோப்பியப் பட்டறைகளில் கையால் காகிதம் செய்தவர்கள், கம்பி பரப்பிய சட்டத்தால் கூழை அள்ளித் தண்ணீரை வடிப்பார்கள். ஈரத்தாளைக் கம்பளித் துண்டின்மேல் கவிழ்ப்பார்கள். தாளும் துண்டுமாக அடுக்கித் திருகுக்கட்டையில் பிழிவார்கள். 1799இல் பாரிஸுக்கு அருகே எஸ்ஸோனில் லூயி நிக்கோலா ராபர்ட் காப்புரிமை பெற்ற இயந்திரம், அந்தச் சட்டத்தை உருளைகள்மேல் முடிவின்றிச் சுற்றும் கம்பிவலையாக்கியது. இங்கிலாந்தில் ஃபூர்ட்ரினியர் சகோதரர்கள் பணம் போட, பிரையன் டோங்கின் அதைச் செம்மைப்படுத்தினார். 1820இல் தாமஸ் போன்சர் கிராம்ப்டன் நீராவியால் சூடான உருளைகளில் தாளைத் துணியால் அணைத்து உலர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். வடிக்க வலை, பிழியக் கம்பளி, உலர்த்தத் துணி என்ற மூன்றும் இப்படித்தான் அமைந்தன. இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை அடுத்த நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலும் இவையே தீர்மானித்தன.

வலைதான் முதலில் தோற்றது. அதில் விழும் கூழில் 99 சதவீதம் தண்ணீர். பித்தளைக் கம்பியும், பிறகு வந்த பாஸ்பர் வெண்கலமும் உருளைகளில் வளைந்து வளைந்து சோர்ந்து அறுந்தன. வேகமான இயந்திரங்களில் ஒரு வலை சில நாள்களோ சில வாரங்களோதான் தாங்கும். மாற்றுவதற்கு ஆலையையே நிறுத்த வேண்டும். இரு முனைகளையும் இணைத்த தையல் சற்றே தடித்தாலும் தாளில் தடம் விழும். அதனால் அந்தத் தையலைப் போட்ட கைகளின் திறமை பெரிதும் போற்றத்தக்கது. 1960களில் பரவிய பாலியெஸ்டர் ஒற்றையிழை வலைகள் பல மடங்கு உழைத்தன. இழுத்துக் கட்டிச் சூடேற்றி நிலைப்படுத்தியதால்தான் அவை தொய்யாமல் நின்றன. பின்னர் இரண்டடுக்கு, மூன்றடுக்கு நெசவுகள் வந்தன: தாளைத் தொடும் பக்கம் நுண்ணிழை, உருளையில் தேயும் பக்கம் தடித்த இழை.

பிழியும் துணி நெடுங்காலம் செம்மறிக் கம்பளிதான். காரமும் நுண்ணுயிர்களும் அதை அரித்தன. முதலில் நைலான் கலந்தார்கள். பிறகு நெய்த அடித்துணியில் தளர்ந்த இழைப் பஞ்சை முள்ளூசிகளால் குத்திப் பதிக்கும் முறை வந்தது. நெசவின் தடம் தாளில் விழுவது இதனால் வெகுவாகக் குறைந்தது, கம்பளியும் மறைந்தது.

உலர்த்தும் துணியின் கதையில் வேதனை உண்டு. பருத்தி சூட்டில் கருகியதால் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்து நெய்தார்கள். உதிர்ந்த தூசியைத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள். நீராவி வெளியேற இடைவெளி விட்ட பாலியெஸ்டர் துணிகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் சூடும் ஈரமும் சேர்ந்தால் பாலியெஸ்டரும் சிதையும். எனவே மிகச் சூடான பகுதிகளுக்குப் பாலிஃபினைலீன் சல்ஃபைடு இழையைச் சேர்த்து நெய்கிறார்கள்.