அணில் புதைத்த கொட்டை: தோரோவின் கடைசி இலையுதிர்காலங்கள்

1857 செப்டெம்பர் 24. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் கொன்கோர்ட் என்றொரு சிற்றூர். அசபெட் ஆற்றில் ஒருவர் சின்னப் படகொன்றை வலித்துக்கொண்டு போகிறார். கரையில் ஒரு சிவப்பு அணில் வாயில் பெரிதாக எதையோ கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஒரு ஹெம்லொக் மரத்தடியில் நின்று, முன்னங்காலால் அவசரமாகக் குழி பறித்து, வாயிலிருந்ததைப் போட்டு மூடிவிட்டு மரத்தில் பாதி ஏறிவிடுகிறது. இவர் படகைக் கரைக்குத் திருப்புகிறார். அணிலுக்குப் பதற்றம்; திரும்ப எடுக்கலாமோ என்று இரண்டு மூன்று தரம் இறங்கப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டு ஓடுகிறது. இவர் தோண்டிப் பார்த்தால், ஒன்றரை அங்குல ஆழத்தில், தடித்த பச்சைத் தோலோடு ஒட்டியபடி இரண்டு ஹிக்கரிக் கொட்டைகள். மேலே உக்கிப்போன ஹெம்லொக் இலைகள் போர்வை மாதிரி.

அவர் அதோட விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தார், கொட்டைகள் அப்படியே இருந்தன. நவம்பர் 21 திரும்பவும் போனார், அப்போது காணவில்லை. மூன்று திகதியையும் எழுதி வைத்தார்.

அந்த ஆள் ஹென்றி டேவிட் தோரோ. எங்களில் கன பேருக்கு இந்தப் பெயர் காந்தியின் வழியாகத்தான் வந்தது. வரி கட்ட மறுத்து ஒரு இரவு சிறையில் இருந்தவர், ஒத்துழையாமை பற்றி எழுதியவர், காந்தி அவரைப் படித்தார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் வோல்டன் குளக்கரைக் குடிலைச் சொல்லுவார்கள். (அந்தக் குளத்து ஐஸை வெட்ட ஆட்கள் வந்ததைப் பற்றி எழுதும்போது அவர் மதராசின் பெயரையும் சொல்லுகிறார். மசாசுசெட்ஸ் ஐஸ் கப்பலேறி மதராசுக்குப் போன காலம் அது. அதைச் சேமிக்கக் கட்டின ஐஸ் ஹவுஸ் தான் இண்டைக்குச் சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.) ஆனால் குடிலில் அவர் இருந்தது 1845 ஜூலை முதல் 1847 செப்டெம்பர் வரை மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த பதினைந்து வருடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் காட்டுக்குப் போய்க் குறிப்பு எழுதினார். அதுவும் தினமும்.

வாழ்க்கைக்குப் பென்சில் செய்யும் குடும்பத் தொழில், அதோடு நில அளவை. நில அளவையாளனாக ஊரின் ஒவ்வொரு காணிக்குள்ளும் நுழைய அவருக்கு ஒரு சாட்டு இருந்தது. கையில் அங்குலக் கோடுகள் வெட்டிய தடி, சட்டைப்பையில் பேனாக்கத்தி, தொலைநோக்கி, செடிகளை அழுத்திக் காயவைக்க ஒரு பழைய இசைப் புத்தகம். தொப்பிக்குள் ஒரு தட்டு வைத்துத் தைத்திருந்தார். பறித்த செடி வாடாமல் அதற்குள் வீட்டுக்கு வரும். ஊர்ச்சனம் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்குமா?

சிரிப்பு மட்டும் இல்லை, கோபமும் இருந்தது. 1844 ஏப்ரல் 30 அன்று தோரோவும் எட்வர்ட் ஹோர் என்ற நண்பரும் ஆற்றோரம் மீன் சமைக்கத் தீ மூட்டினார்கள். காய்ந்த புல்லில் தீ பிடித்தது, காட்டுக்குள் பரவியது. எரிந்தது 300 ஏக்கருக்கு மேல் என்று உள்ளூர்ப் பத்திரிகை மதிப்பிட்டது. ஹோரின் தகப்பன் ஊரின் பெரிய வழக்கறிஞர். வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வருடக்கணக்காக, அவர் தெருவில் போகும்போது காட்டை எரித்தவன் என்று பின்னால் முணுமுணுத்தார்கள். தோரோ இதைத் தன் நாட்குறிப்பில் எழுதவே ஆறு வருடம் எடுத்தது. எழுதும்போதும் முழுமனதோடு மன்னிப்புக் கேட்கவில்லை. உதவிக்கு ஆளனுப்பிவிட்டுக் குன்றில் ஏறித் தீயின் அழகைப் பார்த்தேன் என்கிறார். எங்களுக்கு இது பிடிக்கவில்லை. காட்டின் ஞானி என்று அவரைப் படம் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு காட்டை எரித்த மனிதர், காடு எப்படித் திரும்பி வருகிறது என்ற கேள்வியோடு மிச்ச வாழ்க்கையைக் கழித்தார் என்பதை நினைத்தால் அந்தக் குறிப்புகள் வேறு மாதிரித் தெரிகின்றன. இரண்டுக்கும் தொடர்பு இருக்கு எண்டு அவர் எங்கேயும் சொல்லவில்லை. நாங்கள்தான் சேர்த்துப் பார்க்கிறோம்.

கேள்வி உண்மையில் கமக்காரர்களுடையது. அந்தக் காலத்துக் கொன்கோர்ட்டில் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும்தான். காடு துண்டுதுண்டாக மிச்சமிருந்தது. அதையும் விறகுக்கும் பலகைக்கும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பைன் மரத்தோப்பை வெட்டினால் அந்த இடத்தில் பைன் வருவதில்லை, ஓக் முளைக்கிறது. ஓக் தோப்பை வெட்டினால் பைன் வருகிறது. ஏன்? விதை போட்டவர் யார்? சிலர் நிலத்துக்குள் விதை நூற்றாண்டுக்கணக்காகத் தூங்கிக் கிடக்குது என்றார்கள். சிலர் விதையே இல்லாமல் மண்ணிலிருந்து மரம் தானாகத் தோன்றுகிறது என்றார்கள்.

இந்தக் கேள்வி எங்களுக்கு அந்நியமானது இல்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவிட்டுப் போன காணிகளுக்கு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு திரும்பினவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ள மரம் நிக்குது, யார் வைச்சது எண்டு கேட்காத ஆட்கள் குறைவு. வேப்பம்பழத்தைத் தின்ற பறவையும் வௌவாலும் வைத்தவைதான் அவற்றில் பல. தோட்டக்காணி பற்றையாகி, பற்றை காடாகிறதை நாங்கள் துயரமாக மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அது ஒரு ஒழுங்கில் நடக்கிறது, அதைக் கவனித்து எழுதலாம் என்று யோசித்ததில்லை.

தோரோ யோசித்தார். அதற்கு அவர் பிடித்த பருவம் இலையுதிர்காலம். அங்கே செப்டெம்பர் பிறந்தால் பைன் காய்கள் விரிந்து, மெல்லிய இறகு கட்டிய விதைகள் காற்றில் போகும். ஓக் கொட்டைகள் பொத்துப்பொத்தென்று விழும். நீல ஜே பறவைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு பறக்கும். அணில்கள் ஓய்வில்லாமல் வேலை செய்யும். விதையின் பயணம் முழுக்க அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கண்முன்னால் நடந்துவிடுகிறது. இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் இப்ப சனம் அங்கே போகிறது. அவரும் நிறங்களைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார், ஒவ்வொரு மரமும் எந்தக் கிழமையில் சிவக்கிறது என்பது வரை. ஆனால் கண் மேலே இருந்த அளவுக்குக் கீழேயும் இருந்தது.

அடர்ந்த பைன் தோப்பொன்றுக்குள் போய் முழங்காலில் இருந்து தேடினார். வெளியிலிருந்து பார்த்தால் பைனைத் தவிர ஒன்றும் இல்லாத தோப்பு. நிலத்தைப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தடிக்கு ஒன்றாகச் சின்ன ஓக் கன்றுகள், மூன்று அங்குலம் முதல் பன்னிரண்டு அங்குலம் வரை. விடை அங்கேயே இருந்தது. அணிலும் பறவையும் வருடாவருடம் ஓக் கொட்டைகளைப் பைன் நிழலுக்குள் கொண்டுவந்து புதைக்கின்றன. எல்லாவற்றையும் தோண்டித் தின்பதில்லை. மறந்தது முளைக்கிறது. நிலத்தின் மேலே கிடந்தால் காய்ந்து செத்துப்போகும் கொட்டை, உக்கின இலைக்குக் கீழே ஈரத்தோடு உயிர்வாழ்கிறது. நிழலில் அது பெரிதாக வளராது, ஆனால் காத்திருக்கும். பைனை வெட்டின அன்று வெளிச்சம் கிடைக்கிறது. சனம் ஓக் திடீரென்று தோன்றியது என்று நினைக்கிறது, அது ஏற்கெனவே வரிசையில் நின்றது. இங்கிலாந்தில் ஓக் வளர்ப்பவர்கள் முதலில் பைன் நட்டு அதன் பாதுகாப்பில் ஓக்கை வளர்த்துப் பிறகு பைனை எடுத்துவிடுவார்களாம். அணில் நெடுங்காலமாகச் செய்வதை அவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற மாதிரி ஒரு குத்தலும் அவர் விடுகிறார்.

இதை முதலில் கண்டவர் தோரோ மட்டும் இல்லை. ஜே பறவை மரம் நடுகிறது என்று வில்லியம் பார்ட்ரம் என்ற தாவரவியலாளர் முன்னரே எழுதியிருந்தார். தோரோ அதை மறைக்காமல் சொல்லுகிறார். அந்த மண்ணின் பழங்குடிகள் காட்டைப் பல நூறு வருடமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், அவர்களுடைய அறிவு அந்த ஊரின் பதிவில் ஏறவில்லை. தோரோ செய்த புதிது என்னவென்றால், துண்டுதுண்டாக இருந்த அவதானங்களை இடம், திகதி, அளவோடு ஒரு விளக்கமாகக் கட்டினது.

அதை அவர் அறிஞர் சபையில் படிக்கவில்லை. 1860 செப்டெம்பர் 20, கொன்கோர்ட்டில் மாவட்ட விவசாயச் சங்கத்தின் கண்காட்சி. மாடும் பூசணியும் பரிசுக்கு வரும் இடம். காடு வெட்டுகிற கமக்காரர்களுக்கு முன்னால் நின்று பேசினார். நடுவில ஒரு பூசணிக் கதை: அரச காப்புரிமை அலுவலகம் அனுப்பிய ஆறு விதையை 1857இல் நட்டார், இரண்டு முளைத்தன, ஒன்றில் 123½ இறாத்தலில் ஒரு காய், மற்றதில் நாலு காய் சேர்த்து 186¼ இறாத்தல். சொந்தத் தோட்டத்தின் மூலையில் இப்படி ஒன்று ஒளிந்திருந்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டார். விதை இல்லாமல் ஒன்றும் வராது, ஆனால் விதை இருந்தால் எதையும் எதிர்பார்க்கலாம் என்பது அவர் கட்சி. அடுத்த மாதம் அந்த உரை நியூயோர்க் ட்ரிபியூனில் வந்தது. அவர் வாழ்நாளில் அவருடைய வேறெந்த இயற்கைக் கட்டுரையும் இவ்வளவு பேரிடம் போயிருக்காது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஹொரஸ் கிரீலியே, மரம் தானாகத் தோன்றும் என்று டிசெம்பரில் அவரோடு கடிதத்தில் வாதாடினார்.

இதற்குப் பின்னால் இன்னொரு வாசிப்பு இருந்தது. 1860 ஜனவரி முதலாம் திகதி, நியூயோர்க்கில் வேலை செய்த சார்ல்ஸ் பிரேஸ் கொன்கோர்ட்டுக்கு ஒரு புதுப் புத்தகத்தோடு வந்தார். டார்வினின் உயிரினங்களின் தோற்றம், இங்கிலாந்தில் வெளிவந்து ஐந்து கிழமைதான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அடிமைமுறைக்கு எதிரானவர்கள். ஜோன் பிரவுனைத் தூக்கிலிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹார்வர்ட்டின் பெரிய பெயர் லூயி அகாசி, ஒவ்வொரு உயிரினமும் அந்தந்த இடத்தில் தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்று கற்பித்தவர்; மனித இனங்களும் அப்படியே என்றவர். அடிமைமுறையை நியாயப்படுத்தினவர்களுக்கு அது வசதியாகப் போனது. ஆக விதை எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வி வெறும் காட்டுக் கேள்வி இல்லை. எல்லாம் ஒன்றிலிருந்து பரவிப் போனதா, அல்லது ஆரம்பத்திலேயே பிரித்து வைக்கப்பட்டதா என்பதும் அதற்குள் இருந்தது.

உரை முடிந்த கையோடு தோரோ திரும்பவும் காட்டுக்குள் போனார். ஒக்டோபர், நவம்பர் முழுக்க வெட்டின அடிக்கட்டைகளைத் தேடித்தேடி வளையம் எண்ணினார். ஒரு வளையம் ஒரு வருடம். எந்த மரம் எப்போது முளைத்தது, அதற்கு முன் அங்கே எந்த மரம் நின்றது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று ஊரின் காட்டு வரலாற்றை அடிக்கட்டைகளிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். டிசெம்பர் 3, கடும் குளிரில், ஒரு குன்றில் வளையம் எண்ணிக்கொண்டிருக்கும்போது தடிமன் பிடித்தது. படுத்திருக்க வேண்டியவர் எட்டு நாள் கழித்து வோட்டர்பரி என்ற ஊருக்குப் போய் இலையுதிர்கால நிறங்கள் பற்றி உரை நிகழ்த்தினார். அதுதான் அவருடைய கடைசி உரை. தடிமன் நெஞ்சுக்குள் இறங்கியது, பழைய காசநோய் கிளம்பியது. 1862 மே 6 இறந்துபோனார். வயது 44.

விதைகளின் பரவல் பற்றிய பெரிய கையெழுத்துப் பிரதி முடியாமல் கிடந்தது. தங்கை சோபியாவின் கையிலிருந்து நண்பர்களுக்கும், பிறகு சேகரிப்பாளர்களுக்கும் போய், கடைசியில் நியூயோர்க் பொது நூலகத்தில் இருந்தது. அது அச்சில் வந்தது 1993இல். நூற்று முப்பது வருடம்! அவருடைய கையெழுத்து அவ்வளவு மோசம் என்பதும் ஒரு காரணம்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. 1850களின் தன் நாட்குறிப்புகளிலிருந்து, எந்தச் செடி எந்த வருடம் எந்த நாள் பூத்தது, துளிர்த்தது என்று எடுத்துப் பெரிய அட்டவணைகள் போட்டிருந்தார். பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஏப்ரஹாம் மில்லர்-ரஷிங்கும் 2003 அளவில் அவற்றைக் கையிலெடுத்து, அதே கொன்கோர்ட்டில் அதே செடிகளைத் திரும்பத் தேடி நடந்தார்கள். செடிகள் சராசரியாக ஒரு கிழமை முந்திப் பூக்கின்றன. தோரோ பார்த்த இனங்களில் 27 வீதம் அந்த ஊரிலேயே இல்லை. காலநிலை மாற்றத்தை ஒரு ஊரின் பூக்களில் காட்ட, 150 வருடத்துக்கு முன்னால் ஒருவர் தொப்பிக்குள் செடி வைத்துக்கொண்டு நடந்திருக்க வேண்டியிருந்தது.

இளவேனில் பற்றித்தான் இந்த ஆய்வுகள் அதிகம். 2015இல் அமண்டா கலினாட், பிரிமாக், டேவிட் வாக்னர் மூவரும் எழுதிய கட்டுரை, காலநிலை ஆய்வில் கைவிடப்பட்ட பருவம் இலையுதிர்காலம் என்று முறையிட்டது. முதல் பூ எது என்று சொல்லுவது சுகம். கடைசி இலை எது, பழம் எப்ப பழுத்தது, விதை எப்ப விழுந்தது எண்டு சொல்ல ஒரே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

எங்களுக்கு இலையுதிர்காலம் கிடையாது. ஆடி மாதம் வேப்பம்பழம் விழும், முற்றம் முழுக்க மணக்கும், அம்மாமார் கூட்டிக் கூட்டிக் களைப்பார்கள். இந்தக் கட்டுரைக்காகக் கூடியிருந்த அன்று, போன வருடம் முதல் பழம் எந்தத் திகதி விழுந்தது எண்டு ஒருத்தர் கேட்டார். ஏழு பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.